ரிங்லெட் மலைச்சாலை: சைக்கிள் பயணப் பழுதுகள்

ரிங்லெட், மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவோர் காணும் முதல் ஊர். ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் சாலை 1,000 மீட்டருக்கு மேல் உயர்கிறது. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கு இவ்வழியே போகும் சைக்கிள் பயணிகளுக்கு ஏற்றத்தில் ஒருவகைப் பழுது, இறக்கத்தில் வேறுவகை.

ஏற்றத்தில் அடிவாங்குவது செயினும் பின்சக்கரக் கம்பிகளும்தான். மூட்டை பின்னால் இருப்பதால் பல்சக்கரப் பக்கத்துக் கம்பிதான் பெரும்பாலும் முதலில் அறும். அதை மாற்றப் பல்சக்கரத்தையே கழற்ற வேண்டும். அதற்கான கருவியைத்தான் பலரும் வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள்.

ஆபத்து இறக்கத்தில். பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் கொதிக்கும்; உள்ளே காற்றழுத்தம் ஏறி டியூப் வெடிக்கலாம். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், வளைவுகளில் நின்று ஆறவிட வேண்டும். மழையில் ரிம்மில் ஒட்டும் மணல் பிரேக் கட்டையை அரம்போல் தேய்க்கும். கட்டையிலுள்ள பள்ளம் மறைந்துவிட்டால் அது தீர்ந்தது.

இரண்டு டியூப், ஒட்டுப்போடும் பொருள்கள், கைப்பம்பு, செயின் இணைப்பு, ஒரு ஜோடி பிரேக் கட்டை ஆகியவை இல்லாமல் ஏறுவது அசட்டுத்துணிச்சல். டயர் கிழிந்தால் பாலிமரில் அச்சான ஒரு ரிங்கிட் தாளை மடித்து உள்ளே வைத்து ஊர்போய்ச் சேரலாம். பெட்ரோல் நிலையக் காற்றுக்குழாய் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. அதற்குச் சிறு பித்தளை இணைப்பி வேண்டும்.