வானொலி நிலையங்களின் ஆட்சி மாற்றமும் பழம்பாடல்களும்

முன்னுரை

பண்ருட்டி என்னும் ஊர்ப்பெயரைப் பண் உருட்டி எனப் பிரித்து இசையோடு இயைத்துப் பொருள் கூறுவார் உளர். அது பொருந்துமா பொருந்தாதா என்பது ஊர்ப்பெயர் ஆய்வார் தீர்க்கவேண்டிய வழக்கு. ஆயினும், கெடிலக் கரையில் திருவதிகையை ஒட்டியமைந்த இவ்வூரும், இதனைச் சூழ்ந்த முந்திரித் தோப்புகளும், 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரிக் கழகம் தோன்றியபின் எழுந்த நெய்வேலி நகரியமும், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வானொலிப் பாட்டோடு காலைப்பொழுதைத் தொடங்கின என்பதில் ஐயமில்லை. திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி, கொழும்பு ஆகிய மூன்று ஊர்களின் குரலும் இங்கே ஒரே பெட்டியினின்று மாறி மாறி ஒலித்தன. யாமும் இளமையில் அவற்றைக் கேட்டு வளர்ந்தோம்.

இன்று பழம்பாடல் என்று போற்றப்படுவன யாவும் ஒருகால் புதுப்பாடல்களாய் இருந்தவையே. திரையரங்கினின்று படம் அகன்ற பின்னரும் அப்பாடல் மக்கள் நாவில் நிலைபெற்றமைக்கு வானொலி பெருங்காரணம் ஆயிற்று. அவ்வாறாயின், வானொலி நிலையத்தின் ஆட்சி ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறும்போது பாடல்களின் நிலை என்னவாகும்? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதுபற்றி வழங்கும் கருத்துகள் இரண்டு. அரசு நடத்தினால் கலை காக்கப்படும், வணிகர் நடத்தினால் கெடும் என்பது ஒன்று. அரசு மக்கள் சுவையை அறியாது, வணிகரே அறிவர் என்பது மற்றொன்று. வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. உடைமை, வருவாய், தேர்வு என மூன்றைப் பிரித்துணர்தல் வேண்டும். நிலையம் யாருடையது, அதன் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எப்பாடலை ஒலிபரப்புவது என்று முடிவு செய்பவர் யார் என்னும் மூன்று வினாக்களும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றாக்கிக் காண்பதே மயக்கத்திற்கு இடமாயிற்று.

1. சென்னையின் தொடக்கம்

தமிழகத்தில் ஒலிபரப்பு அரசால் தொடங்கப்பெற்றதன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சென்னை மாகாண வானொலி மன்றத்தை நிறுவினர். அவ்வாண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் ஒலிபரப்புத் தொடங்கிற்று. முதலில் அவர்கள் பயன்படுத்திய பரப்பியின் ஆற்றல் 40 வாட் அளவே. மன்றம் அன்பர்களின் ஆர்வத்தால் நடந்தது. ஆர்வம் இருந்ததேயன்றிப் பொருள் இல்லை. 1927-ஆம் ஆண்டு அக்டோபரில் பணமுட்டால் ஒலிபரப்பு நின்றது.

மன்றத்தின் கருவிகளைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தொட்டு ஒலிபரப்பை நடத்திற்று. வானொலிப் பெட்டி வாங்க இயலாத மக்களும் கேட்குமாறு பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பெற்றன. பின்னர் 1938-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கவே, மாநகராட்சியின் பணி முடிவுற்றது. அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளி நிலையமும் எழுந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்குள் ஒரே நகரில் ஒலிபரப்பு மூவர் கைப்பட்டது. அன்பர் மன்றம் பணமின்றி நின்றது. ஊராட்சி அமைப்பு அதனை ஊர்ப்பொதுவாக்கிற்று. நடுவணரசு அதனை நாடளாவிய அமைப்பின் உறுப்பாக்கிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் பரப்பியின் ஆற்றல் பெருகிற்று; கேட்போர் தொகை கூடிற்று; அதே அளவிற்குத் தேர்வு செய்வாரிடமிருந்து கேட்போர் தொலைவில் தள்ளப்பெற்றனர். இம்மூன்றாம் விளைவின் பயன் பின்னரே புலப்பட்டது.

2. கொழும்பு நிலையம்

இலங்கையில் தந்தித் துறையின் பொறியாளரான எட்வர்டு ஆர்ப்பர் என்பார் செய்த ஆய்வுகளின் பயனாக, 1925-ஆம் ஆண்டு திசம்பர் 16-ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போர் நேச நாட்டுப் படையினர் சிலரைக் கொழும்பில் நிலைகொள்ளச் செய்தது. அவர்களுக்கென நடந்த சீயாக் வானொலிக்காக ஏக்கலையில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலைப் பரப்பி அமைந்தது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பெற்றது. 1949-ஆம் ஆண்டில் இலங்கை வானொலி தனித் துறையாயிற்று. படைவீரர்க்கென அமைத்த கருவி திரைப்பாடலுக்குப் பயன்பட்டது என்பது எண்ணத்தக்கது.

1950-ஆம் ஆண்டில் அங்கு வர்த்தக சேவை தொடங்கப்பெற்றது. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த ஆத்திரேலியரான கிளிபர்டு டாடு அதனை நடத்தினார். இங்கே உடைமை அரசினது; வருவாய் விளம்பரத்தினது; தேர்வோ பெரும்பாலும் அறிவிப்பாளரையும் கேட்போரையும் சார்ந்தது. இம்மூன்றும் இவ்வாறு பிரிந்து நின்றமையே அந்நிலையத்தின் தனிச்சிறப்பு.

3. தடையும் அதன் விளைவும்

1952-ஆம் ஆண்டில் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். செவ்விசையை நாடெங்கும் பரப்புதல் அவர் நோக்கம். அந்நோக்கம் இகழத்தக்கதன்று, இசைவாணர் பலர்க்கு அது வாழ்வளித்தது. ஆனால், திரைப்பாடல் தாழ்ந்த சுவையினது என்று கருதி அதன் நேரத்தை வானொலி குறைத்தது. படப்பெயரைச் சொல்லுதல் விளம்பரமாகும் என்று அதனையும் விலக்கிற்று. படத்தயாரிப்பாளர்கள் வெகுண்டு, ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப்பெற்றனர். திரைப்பாடல் இந்திய வானொலியில் அருகிற்று.

பாடல் அருகினதேயன்றி அதனைக் கேட்கும் விருப்பம் அருகவில்லை. மக்கள் பெட்டியின் குமிழைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தனர். அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா என்னும் இந்தி நிகழ்ச்சி 1952 முதல் பம்பாயில் பதிவாகிக் கொழும்பினின்று ஒலித்தது. இந்திய நகரில் பதிந்து, அயல்நாட்டிற்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியர்க்கே ஒலிபரப்பிய விந்தை இது. தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. எஸ். பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் கடல் கடந்து தமிழகத்தின் சிற்றூர்களில் உறவினர் குரல்போல் ஒலிக்கலாயிற்று.

அகில இந்திய வானொலி 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கியது இதற்கு மறுமொழியே. பம்பாய், சென்னை ஆகிய இடங்களின் சிற்றலைப் பரப்பிகள் அதனை ஒலிபரப்பின. அமைச்சரும் மாறவில்லை, உடைமையும் மாறவில்லை. ஆயினும் தேர்வு மாறிற்று. எனவே, ஆட்சி மாற்றம் என்பது ஆள் மாறுவதனால் மட்டும் நிகழ்வதன்று, அதே ஆட்சி தன் கேட்போரை இழந்து கற்ற பாடத்தாலும் நிகழும் எனக் கொள்ளலாம்.

4. 1967: ஓராண்டில் மூன்று மாற்றங்கள்

பண்ருட்டியில் இருந்து கேட்டார்க்கு 1967 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு சனவரி 5-ஆம் நாள் இலங்கை வானொலி அரசுத் துறை என்னும் நிலை நீங்கிக் கூட்டுத்தாபனமாயிற்று. அவ்வாண்டிலேயே அண்மையிலுள்ள புதுச்சேரியில் அகில இந்திய வானொலி நிலையம் எழுந்தது. நவம்பர் முதல் நாள் தொட்டு விவித பாரதி பம்பாய், புணே, நாகபுரி ஆகிய இடங்களில் விளம்பரம் ஏற்கலாயிற்று. படத்தின் பெயரைச் சொல்லுதலும் விளம்பரமாம் என விலக்கிய அமைப்பு, பதினைந்து ஆண்டுகளில் விளம்பரத்தையே வருவாயாகக் கொண்டது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. கொள்கை என்று கருதப்படுவதன் பின்னே வருவாய் எவ்வளவு நிற்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கொழும்பு நிலையம் 1972-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றது. பெயர் மாறியும் பாட்டு மாறவில்லை. கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது ஆகியோர் அங்கு வளர்த்த அறிவிப்புத் தமிழ் தனியே ஆராயத்தக்கது. கூட்டுத்தாபனம், வர்த்தக சேவை என்னும் ஈழ வழக்குகள் தமிழகத்துச் சிற்றூரார்க்கும் பழகிய சொற்களாயின. பொங்கும் பூம்புனல் என்று ஒரு காலை நிகழ்ச்சிக்குப் பெயரிட்டமை, இலக்கியத் தமிழும் திரைப்பாடலும் பகையல்ல என்னும் உணர்வைக் காட்டும்.

இதனினும் இன்றியமையாதது நேயர் கடிதம். விரும்பிய பாடலை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால், எழுதியவர் பெயரும் ஊரும் வானில் ஒலிக்கும். தேர்வின் ஒரு கூறு இங்கே கேட்போர் கைக்கு வந்தது. இந்திப் பகுதியில் காலை நேரப் பழம்பாடல் நிகழ்ச்சியைச் சைகலின் பாடலோடு முடிக்கும் மரபும் இவ்வாறே நிலைத்தது. அவர் 1947-இல் மறைந்தவர். அவர்தம் குரல் தலைமுறை கடந்து நாள்தோறும் ஒலித்ததற்கு எச்சட்டமும் காரணமன்று. நிலையத்தின் இசைத்தட்டுக் கருவூலமும், அதனை அறிந்த ஊழியரும், எதிர்பார்த்துக் காத்திருந்த நேயரும் கூடிக் காத்த மரபு அது.

5. தன்னாட்சியும் தனியார் பண்பலையும்

வானலைகள் பொதுச்சொத்து என்றும், அவை அரசின் தனியுரிமை ஆகா என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரசார் பாரதி 1997-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அமைந்தது. பின்னர்ப் பண்பலை அலைவரிசைகள் ஏலத்தில் விடப்பெற்றன. முதற்கட்டத்தில் ஏலம் எடுத்தோர் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் ஏறும் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. அது தாங்கவொண்ணாச் சுமையானமையின், 2005-ஆம் ஆண்டுக் கொள்கை மொத்த வருவாயில் நூற்றுக்கு நான்கு என்று அதனை மாற்றியமைத்தது.

இவ்வமைப்பில் உடைமை, வருவாய், தேர்வு மூன்றும் ஒரே கையில் சேர்ந்தன. விளம்பரம் தருவோர் இளைஞரை நாடினர். ஆதலின் பகற்பொழுது புதுப்பாடலுக்கு உரியதாயிற்று. பழம்பாடல் பெரிதும் இரவுக்கு ஒதுங்கிற்று. அதனால் தனியார் தீயர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. இரவில் ஒலிக்கும் பழம்பாடலுக்கு இன்றும் பெருங்கூட்டம் உண்டென்பதை நெய்வேலியில் இரவுப்பணி செய்வாரும், பண்ருட்டிச் சந்தைக்குப் பலாச்சுமை ஏற்றிவரும் வண்டியோட்டிகளும் அறிவர். ஆனால், அஞ்சலட்டையின் இடத்தைக் கணிப்பொறிப் பட்டியல் பிடித்துக்கொண்டது. சில நூறு பாடல்களே திரும்பத் திரும்பச் சுழல்கின்றன. எனவே, பழம்பாடல் என்னும் பெயரால் ஒலிப்பது பழமையின் ஒரு சிறு கூறேயாகும். ஒலிக்காத பழம்பாடல் மெல்ல இல்லாத பாடலாகிறது.

அரசு நிலையமும் மாற்றத்திற்கு விலக்கன்று. ஆகாசவாணி என்ற பெயரையே எங்கும் வழங்குக என்னும் ஆணை 2023-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தபோது தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. வானொலி என்ற சொல் தமிழரின் செவியில் எத்துணை ஆழப் பதிந்தது என்பதை அவ்வெதிர்ப்பு உணர்த்திற்று.

6. ஆய்வின் பயன்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். அரசுடைமையாய் இருந்தும் சென்னை நிலையம் ஒருகாலத்துத் திரைப்பாடலைக் குறைத்தது. அரசுடைமையாய் இருந்தே கொழும்பு நிலையம் அதனைப் பேணிற்று. விளம்பர வருவாயே கொழும்பில் பாடலை வளர்த்தது. அவ்வருவாயே பண்பலையில் பாடலின் வட்டத்தைச் சுருக்கிற்று. ஆகவே உடைமையோ வருவாயோ தனித்து நின்று பாடலைக் காப்பதுமில்லை, கெடுப்பதுமில்லை. தேர்வில் கேட்போர்க்கு எவ்வளவு பங்குண்டு என்பதே முடிவு செய்கிறது.

கொழும்பில் கேட்போர்க்குப் பங்கு இருந்ததெனினும் அதுவும் வணிகத் தந்திரமே எனச் சிலர் கூறலாம். ஒருவாறு அது மெய்யே. நேயர் பெயரைச் சொன்னால் நேயர் பெருகுவர்; நேயர் பெருகினால் விளம்பரம் பெருகும். ஆயினும் நோக்கம் வணிகமாயிருந்ததனால் விளைந்த பயன் பொய்யாகிவிடாது. புலவர் பரிசில் வேண்டிப் பாடினர் என்பதற்காகச் சங்கப் பாட்டின் சிறப்பு குறைவதில்லை அன்றோ?

ஆட்சி மாறும்போது முதலில் அழிவன இசைத்தட்டுகளும், நேயர் கடிதங்களும், அறிவிப்பாளரின் பேச்சும் ஆகும். கணக்கேடு காக்கப்படும்; கடிதம் காக்கப்படாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டிற்குப் பின் 60 ஆண்டுகளில் முடிகிறது. பாடல் வரிக்கும் இசைக்கும் உரிய உரிமையோ ஆசிரியர் மறைந்தபின்னரும் 60 ஆண்டுகள் நீள்கிறது. ஆதலின், 1950-களின் ஒலிப்பதிவு பொதுவுடைமையானாலும் அதன் சொல்லும் இசையும் ஆகாதிருக்கலாம். பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு 1949-இல் ஏற்றது நமக்கு ஒரு முன்னோடி.

முடிவுரை

ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த அறிஞர்களின் வழிவந்தோர் நாம். செல்லரித்த ஏடு ஒருகால் அடுப்பில் எரிந்தது போலவே இன்று இசைத்தட்டும் ஒலிநாடாவும் பழைய பொருள் கடைக்குச் செல்கின்றன. ஏட்டைக் காத்த கைகள் ஒலியைக் காவாது விடுதல் முறையன்று. தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரத்து முதிய நேயர்களின் நினைவுகளையும், அவர்களிடம் எஞ்சிய ஒலிநாடாக்களையும், ஓய்வுபெற்ற அறிவிப்பாளரின் குரலையும் தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு முதியவரிடம் சென்று, எந்நிலையத்தை, எப்பொழுதில், எப்பாடலுக்காகக் கேட்டீர் என்று வினவி எழுதினாலே ஒரு நூற்றாண்டின் செவிவரலாறு உருவாகும். நிலையங்களின் ஆட்சி இனியும் மாறும். அம்மாற்றத்தை நாம் தடுத்தல் இயலாது. மாற்றத்தில் இழப்பது இன்னதென்று அறிந்து, அதனை எழுதிவைத்தல் நம்மால் இயலும்; நம் கடனும் அதுவே.