சிங்கிள் மால்ட்டை ஃப்ரீசரில் வைக்கலாமா?

சிங்கிள் மால்ட்ல ஐஸ் போட்டாலே முகம் சுளிக்கிறவங்க உண்டு. ஆனா, ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் டால்வின்னி டிஸ்டில்லரி, தன்னோட 'வின்டர்ஸ் கோல்டு' விஸ்கியை ஃப்ரீசர்ல வெச்சு, அப்படியே ஊத்திக் குடிக்கச் சொல்லுது! அக்டோபர் முதல் மார்ச் வரை, குளிர் மாதங்களில் வடித்த ஸ்பிரிட்டில் தயாராகும் விஸ்கி இது. 43% ஆல்கஹால் இருப்பதால் வீட்டு ஃப்ரீசரில் உறையாது. லேசாகப் பாகு பதத்துக்கு வரும், அவ்வளவுதான்.

குளிரில் வாசனை சரியா எழும்பாது. அதனால முதல் சிப்பில் மூக்குக்கு வேலையே இல்லை. தேன் போன்ற இனிப்பு மட்டும் நாக்கில் வழுக்கிட்டுப் போகும். ஆல்கஹாலின் எரிச்சலும் அடங்கிடும். இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. 'லைட்டா இருக்கே'னு மடமடனு குடிச்சுடாதீங்க, உள்ளே போறது அதே 43%தான். கிளாஸை உள்ளங்கையில் பிடிச்சுட்டு சில நிமிஷம் காத்திருங்க. குளிர் குறையக் குறைய, மெல்லிய புகைவாசம் எட்டிப்பார்க்கும். எனக்கு அந்த ரெண்டாவது சிப்தான் ஃபேவரைட்.