ஆடியும் கர்க்கடகமும்

தமிழகத்திலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கும் ஆடி மாதம் ஒரு சோதனை. துணிகள் உலர்வதில்லை, சுவர்கள் ஈரம் கோத்து நிற்கின்றன, பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கின்றது. ஊரிலிருந்து புதிதாக வந்த மருமகளோ முதிய தாயோ முகம் வாடி அமர்ந்திருந்தால், "இங்கே உனக்கு என்ன குறை?" என்று நாம் கேட்டுவிடுகின்றோம். குறை வானத்திலும் இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் முன்னோர் எண்ணிப் பார்த்தனர்.

அகத்திணைக்கு முதல், கரு, உரி எனும் மூன்றையும் தொல்காப்பியர் வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றின்மேல் எழும் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். காரும் மாலையும் முல்லைக்கு உரியன. கூதிரும் யாமமும் குறிஞ்சிக்கு உரியன. வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியன. மாந்தர் மனத்தைப் பேசப் புகுமுன் அவர்மேல் கவிந்த வானத்தைப் பேசவேண்டும் என்பது இவ்வமைப்பால் பெறப்படும்.

ஆவணியும் புரட்டாசியும் கார் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் உரையாசிரியர் கொண்டனர். அவ்வாடியே மலையாள நாட்டில் கர்க்கடகம். மலைக்குக் கிழக்கே வெயிலும் காற்றும் ஆளும் அம்மாதத்தில், மேற்கே தென்மேற்குப் பருவமழை ஆள்கின்றது. ஆகவே இங்கு வந்த தமிழர் மொழியோடு பருவங்களின் வரிசையையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. கடலிலிருந்து வரும் மேகங்கள் அதன் மேற்குச் சரிவில் மோதி உயர்ந்து, குளிர்ந்து, மழையாகப் பொழிகின்றன. மறுபுறம் சேர்வது எஞ்சியதே. அம்மலையில் தமிழ் முனிவர் பெயர் தாங்கிய அகத்தியமலை 1,868 மீட்டர் உயரமுடையது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் நிறுவப்பெற்றது. ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். 1852இல் இங்கு வந்த ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அகத்தியமலை மீதும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, காந்தப்புலத்தையும் வானிலையையும் அளந்தார். தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று மரபு போற்றும் முனிவரின் மலையிலேயே வானத்துக்கும் இலக்கணம் தேடப்பட்டது.

வானத்தை அளந்த அறிவியல் உள்ளத்தை அளக்கப் பின்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1984இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் பருவத்தோடு வந்து பருவத்தோடு நீங்கும் மனச்சோர்வு நோயை விவரித்தனர். ஒளியே அதற்கு மருந்தாகக்கூடும் என்றும் காட்டினர். கண்ணிற் புகும் ஒளி மூளையிலுள்ள உடற்கடிகாரத்தை நெறிப்படுத்துகின்றது. இருளில் சுரந்து இரவை உணர்த்தும் மெலடோனினையும் அடக்குகின்றது. இலண்டனில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கு வாழும் நம்மவர் இதனை நன்கறிவர். திருவனந்தபுரத்திலோ நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. இங்கு ஒளியைக் குறைப்பன மேகமும், நாம் அடைத்துக்கொள்ளும் கதவுமே.

எனினும் மழையே துயரம் என்று முடிவு கட்டலாகாது. இங்கு நம்மைச் சோர்விக்கும் அதே பருவமேகத்தின் எஞ்சிய துளிகளே குற்றாலத்தில் சாரலாகின்றன. அச்சாரலில் நனைவதற்கென்றே மக்கள் பொருள் செலவிட்டுக் கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர். முல்லைப்பாட்டில் கார்மழையினூடே தலைவன் மீண்டு வருகின்றான். நெடுநல்வாடையின் கூதிர் இரவில் அரசன் பாசறையில் இருக்க, அரசி அரண்மனைக் கட்டிலில் ஆறுதலின்றி வருந்துகின்றாள். இரண்டிலும் மழை உண்டு. வேறுபாடு, எதிர்பார்த்தவர் வந்தாரா என்பதில் இருக்கின்றது. பருவம் உணர்ச்சிக்கு நிலைக்களன்; அதுவே உணர்ச்சி அன்று. முதலையும் உரியையும் வெவ்வேறாக வைத்த நுட்பம் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

மலையாள மக்கள் இதனை வாழ்க்கையில் உணர்ந்தவர்கள். வறுமையும் நோயும் மிகுந்த மாதமாதலின் 'பஞ்சக் கர்க்கடகம்' என்று அதனைப் பெயரிட்டு, அதற்கு ஏற்பாடும் செய்துகொண்டனர். மருந்துக் கஞ்சி, எண்ணெய்ச் சிகிச்சை, மாலை விளக்கின்முன் எழுத்தச்சன் இராமாயணம் ஆகியன அம்மாதத்துக்கு உரியன ஆயின. இருண்ட மாலையில் ஒருவர் படிக்க, வீட்டார் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் மழையை நிறுத்துவதில்லை. மழையில் தனித்திருப்பதை நிறுத்துகின்றது. அதன்பின் சிங்கம் பிறக்கின்றது, ஓணம் வருகின்றது.

நாம் பின்பற்றத்தக்கது இவ்வழியே. மேகம் மூடிய வானத்தின் ஒளியும் வீட்டு விளக்கொளியைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆதலின் மழை ஓய்ந்த காலை வேளைகளில் வீட்டிலுள்ள முதியோரை வெளியே அழைத்துச் செல்வோம். மாலையில் அருகிருந்து ஊர்க்கதை பேசுவோம். உறக்கமும் உணவும் கெட்டுச் சோர்வு இரண்டு வாரம் நீடிப்பின், மழையின்மேல் பழிபோட்டுக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வாடிய முகத்தைக் கண்டு "என்ன குறை?" என்று அதட்டுவதை விடுத்து, "வாருங்கள், சற்றே வெளியே சென்று வருவோம்" என்று கூறுவதே, இம்மழைநாட்டில் வாழும் நாம் நம்மவர்க்குச் செய்யத்தக்க உதவியாகும்.