தி லாஸ்ட் வால்ட்ஸ்

'தி பேண்ட்' ராக் இசைக்குழுவின் விடைபெறு கச்சேரிப் பதிவு. 1978இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. கச்சேரி 1976 நவம்பர் 25, நன்றி அறிவிப்பு நாளன்று, சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் நடந்தது. வந்தவர்களுக்கு முதலில் வான்கோழி விருந்து. பிறகு பாப் டிலன், மடி வாட்டர்ஸ், வான் மாரிசன் என விருந்தினர் வரிசை. எரிக் கிளாப்டன் வாசிக்கையில் கிடார் வார் கழன்றுவிட, குழுவின் கிடார் கலைஞர் ராபி ராபர்ட்சன் சட்டென்று தனிவாசிப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். நீல் யங் பாடியபோது ஜோனி மிட்செல் திரைமறைவில் பின்குரல் கொடுத்தார். அவர் மேடையேறும் முறை அப்போது வரவில்லை. ஆனால் இசைத்தட்டில் உள்ள எல்லாமே அன்றிரவு ஒலித்தவை அல்ல. பல பகுதிகள் பின்னர் ஸ்டூடியோவில் திருத்தப்பட்டன. கடைசிப் பக்கம் முழுக்க ஸ்டூடியோப் பதிவே. மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய இதே பெயர்கொண்ட படம், இசைத்தட்டைவிடப் புகழ்பெற்றது. குழுவின் டிரம்ஸ் கலைஞர் லெவான் ஹெல்முக்கோ அது அறவே பிடிக்கவில்லை: கேமரா ராபர்ட்சனையே சுற்றுகிறது என்பது அவர் குறை.