ஊஞ்சல் பலகை எங்களுக்கு, கொக்கி யாருக்கு?

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அப்பா எங்க பழைய வீட்டை வித்தப்போ பேச்செல்லாம் விலையைப் பத்தித்தான். பத்திரம் முடிஞ்சு சாமான் கட்டும்போதுதான் வம்பு வந்தது. கூடத்து ஊஞ்சலைக் கழட்டினோம். வாங்கினவர், "என்ன சார், ஊஞ்சலோட சேர்த்துதானே வீட்டைப் பார்த்தேன்?" என்றார். பின்கட்டுத் தரையில் பதிச்சிருந்த ஆட்டுக்கல்லைப் பெயர்க்கச் சொன்னாங்க அம்மா. அதுக்கும் ஆட்சேபணை. கடைசியில் பலகையும் சங்கிலியும் எங்களோட வந்தது. கொக்கியும் ஆட்டுக்கல்லும் அங்கேயே தங்கிடுச்சு. அந்தக் கல்லைச் சொல்லிச் சொல்லியே அம்மா ரொம்ப நாள் மாய்ஞ்சு போனாங்க.

பல வருஷம் கழிச்சு நான் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கினேன். கதவைத் திறந்தா ஃபேன் இல்லை, கீசர் இல்லை, பல்பு மாட்டுற ஹோல்டர்கூட இல்லை. கூரையிலிருந்து ரெண்டு ஒயர் மட்டும் எட்டிப் பார்த்தது. இதுக்கெல்லாம் சட்டம் என்னதான் சொல்லுதுன்னு அப்பதான் தோண்ட ஆரம்பிச்சேன்.

லத்தீனில் ஒரு பழைய விதி உண்டு: நிலத்தோடு ஒட்டியது நிலத்துக்கே சொந்தம். இங்கிலாந்துச் சட்டம் இதைப் பிடிச்சுக்கிட்டது. ஆனா எது 'ஒட்டியது'? 1872-ல் ஹாலண்ட் – ஹாட்ஜ்சன் வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. ஒரு நெசவாலையை அடமானம் வச்சவர் நொடிச்சுப் போனார். தரையில் ஆணி அடிச்சு நிறுத்தின தறிகள், அடமானம் வாங்கினவருக்கா, மற்ற கடன்காரர்களுக்கா? நீதிபதி பிளாக்பர்ன் ரெண்டு விஷயத்தைப் பார்க்கச் சொன்னார்: எவ்வளவு இறுக்கமா ஒட்டியிருக்கு, எதுக்காக ஒட்டினாங்க. சாந்து பூசாம அடுக்கின கல் சுவரா நின்னா அது நிலத்தோட பாகம். அதே கல்லைக் கட்டட வியாபாரி தன் முற்றத்தில் வசதிக்கு அடுக்கி வச்சா அது வெறும் சரக்கு. தறிகள் ஆலையோட பாகம்னு தீர்ப்பாச்சு.

பத்தே வருஷத்தில், 1882-ல், இங்கே சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. மூணாம் பிரிவும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்குது: கட்டடத்தில் மாட்டின பொருளை அந்தக் கட்டடத்தோட நிரந்தர அனுபோகத்துக்காக மாட்டினாங்களா? எட்டாம் பிரிவு இன்னும் வீட்டுக்குள்ளேயே வந்துடுது. வீட்டை வித்தா பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், அதோட நிரந்தரமா பயன்படுத்த வச்ச மத்த எல்லாமும் வாங்கினவருக்குப் போகும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் யார் கனவிலும் இல்லாத காலம் அது!

அந்த மெஷின் சண்டையை 1996-ல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட் தீர்த்தது, டிஎஸ்பி வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில். குளியலறைக் குழாய்களும் சமையலறை அலமாரிகளும் வீட்டோட பாகம். ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின் மாதிரியானவை இல்லை. பிளக்கைப் பிடுங்கினா கையோட வந்துடுமே! கம்பளமும் திரைச்சீலையும்கூட வீட்டுக்காரர் பக்கம்தான். நம்ம கோர்ட் அந்தத் தீர்ப்பைப் பின்பற்றியே ஆகணும்னு இல்லை, ஆனா வாதம் நியாயமாத்தான் படுது.

ஆக, விக்கறவங்க மெஷினையெல்லாம் விட்டுட்டுப் போகணும்னு கட்டாயம் இல்லை. ஆனா வாயைத் திறந்து சொல்லிடணும். எட்டாம் பிரிவேகூட, வேற மாதிரி பேசி வச்சிருந்தா அதுதான் செல்லும்னு ஆரம்பிக்குது. இங்கிலாந்தில் இதுக்குன்னே வழக்கறிஞர் சங்கத்தோட ஒரு படிவம் இருக்கு. எது போகும், எது இருக்கும்னு ஒவ்வொண்ணா டிக் அடிக்கணும். விளக்கைக் கழட்டினா ஹோல்டரும் பல்பும் மாட்டிட்டுத்தான் போகணும்னுகூட அதில் எதிர்பார்ப்பு உண்டு. எனக்கு வித்த மகராசன் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை!

நம்ம ஊரில் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு வெள்ளைத்தாளில் ஃபேன் எத்தனை, கீசர் உண்டா இல்லையான்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும். அன்னிக்கு அப்பா அதைச் செஞ்சிருந்தா ஆட்டுக்கல் வந்திருக்கும். பிளாக்பர்ன் கணக்குப்படி பார்த்தா கல் அந்த வீட்டோடதுதான்னு எனக்குத் தோணுது. இதை அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லலை.

ஊஞ்சல் பலகை எங்க கட்டிலுக்குப் பின்னாடி சாஞ்சு நிக்குது. மாட்டத்தான் கொக்கி இல்லை.