வீட்டோட வந்த வெள்ளைக்காரனும் எங்க பாட்டியும்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இது நாலு ராத்திரி உட்கார்ந்து எழுதினது. கொசுவத்தியில ஆரம்பிச்சு வரலாற்றுல போய் நிக்கும். பொறுமையா படிங்க மக்கா.

சொந்த ஊரு மாகறல். காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாத்தங்கரையில இருக்கு. சம்பந்தர் பாடின தலம். உடும்பு கதை உள்ள கோயில். வெளியாளுங்களுக்கு எங்க ஊரைப் பத்தித் தெரிஞ்சது அவ்வளவுதான்.

எங்க பாட்டிகிட்ட ஒரு கதை இருக்கு. "ஒரு வெள்ளக்காரன் வூட்டோட வந்துட்டான்டா கண்ணு. வண்டிக்குள்ளயே பாய், அடுப்பு, எல்லாம். ஜன்னலுக்கு சேலத் துணியில திரை. பொண்டாட்டி, கைக்கொழந்த. வண்டி நின்னுபோச்சு. ரெண்டு ராத்திரி இங்கதான் இருந்தாங்க. அந்தப் பொண்ணு ஆத்துல ஊத்து தோண்டி கொழந்த துணி தொவச்சா. நான் ஒரு சொம்பு மோர் குடுத்தேன்." சின்ன வயசுல இருந்து நூறு தடவை கேட்டிருப்பேன்.

போன பொங்கலுக்குப் போனப்போ அப்பா தனியா கூப்பிட்டு, "அதையெல்லாம் ரொம்ப கிளறாதடா"ன்னார். தாத்தா தவறி எட்டு வருஷம் ஆச்சு. பாட்டி இப்பல்லாம் சாயங்காலம் ஆனா "கழனியில இருந்து இன்னும் வரலயே"ன்னு கேக்கறாங்க. டிவியில பார்த்தது, கனவுல வந்தது எல்லாம் கலந்துபோச்சு, வேன் கதையும் அப்படித்தான்னு அப்பா முடிவு பண்ணிட்டார். அப்பா அப்ப பொறக்கவே இல்லைங்கறது வேற விஷயம்.

எனக்கு மனசு கேக்கலை. பொட்டி தட்டறவனுக்கு ஒரு வியாதி உண்டு. பிழை இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, அது எந்த வரியில இருக்குன்னு தெரியாம தூக்கம் வராது. இங்கிலாந்துல இருந்தோ ஜெர்மனியில இருந்தோ ஒரு குடும்பம் வேன் ஓட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வந்திருக்க முடியுமா? அதான் கேள்வி.

லண்டன் டு கல்கத்தா பஸ் படம் உங்க எல்லார் வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். படம் உண்மைதான், கீழ இருக்கற கதைதான் ரெண்டு பஸ்ஸைக் கலந்து அடிச்ச குருமா. முதல் பஸ் பேரு இந்தியாமேன். காரோ ஃபிஷர்ங்கறவர் நடத்தினது. 1957 ஏப்ரல் 15-ஆம் தேதி லண்டன்ல கிளம்பி, ஜூன் 5-ஆம் தேதி கல்கத்தா வந்து சேர்ந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. இன்னொண்ணு ஆல்பர்ட்னு ஒரு மாடி பஸ். அது 1968 அக்டோபர்ல சிட்னியில கிளம்பி 132 நாள் கழிச்சு லண்டன் போச்சு. அப்புறம் கல்கத்தா வழியா பல தடவை போய் வந்தது.

பஸ்ல மட்டுமில்லை, சொந்த வண்டியிலயும் வந்தாங்க. இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல், கைபர் கணவாய், லாகூர், டெல்லி. லண்டன்ல இருந்து கணக்குப் பார்த்தா சுமார் 10,000 கிலோமீட்டர். ஹிப்பி டிரெயில்னு பின்னாடி பேர் வெச்சாங்க. இஸ்தான்புல்ல புட்டிங் ஷாப்னு ஒரு சாப்பாட்டுக் கடை. அங்க ஒரு பலகையில "காபூல் போறோம், ஒரு சீட் காலி"ன்னு சீட்டு குத்தி வெப்பாங்களாம். டோனி வீலரும் அவர் மனைவி மாரீனும் 1972-ல ஒரு பழைய மினி வேனை வாங்கிக் காபூல் வரைக்கும் ஓட்டிட்டு வந்து அங்க வித்தாங்க. அடுத்த வருஷம் அந்தப் பயணத்தைப் பத்திப் போட்ட சின்னப் புத்தகம்தான் லோன்லி பிளானட் கம்பெனிக்கு முதல் செங்கல்.

சரி, இந்தியா வரைக்கும் வந்தாச்சு. மாகறல்ல என்ன வேலை? இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். வந்தவங்க பாதிப் பேர் டெல்லியோட காத்மாண்டு, கோவான்னு பிரிஞ்சிடுவாங்க.

அப்பதான் பாண்டிச்சேரி ஞாபகம் வந்தது. 1968 பிப்ரவரி 28-ல ஆரோவில் தொடங்கினாங்க. 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில போட்டாங்களே, அதேதான். அதுக்கு அடுத்த வருஷம், 1969 ஆகஸ்ட்ல, பாரிஸ்ல இருந்து ஒரு கூட்டம் வண்டி கட்டிக்கிட்டு தரை வழியாவே கிளம்பி அக்டோபர்ல வந்து சேர்ந்தது. கேரவன்னே பேரு. அவங்க தங்கறதுக்காகக் குடிசை போட்டு உருவானதுதான் ஆஸ்பிரேஷன் குடியிருப்பு. 1974-லயும் இன்னொரு கேரவன் வந்தது. ஆக வேனுங்க பாண்டிச்சேரி வரைக்கும் வந்திருக்கு. பெங்களூர் பக்கமிருந்து காஞ்சிபுரம் வந்து, கோயிலைப் பார்த்துட்டு, உத்திரமேரூர்ல குடவோலைக் கல்வெட்டையும் பார்த்துட்டு, மதுராந்தகத்துல ட்ரங்க் ரோடைப் பிடிச்சா திண்டிவனம், பாண்டி. இன்னிக்கு இருக்கற இசிஆர் அப்ப கிடையாது. எங்க ஊர் ரோடு சுத்து வழியே இல்லை.

ஆனா "வந்திருக்கலாம்" வேற, "வந்தது" வேற. அப்பா கேப்பாரே.

திரும்ப ஊருக்குப் போனேன். இந்தத் தடவை நான் எதையும் எடுத்துக் குடுக்கலை. வண்டி எப்படிப் பாட்டி இருந்ததுன்னு மட்டும் கேட்டேன்.

"மூக்கே இல்லடா அதுக்கு. நம்ம லாரி மாதிரி முன்னாடி நீட்டிக்கினு இல்ல. மொட்டையா இருந்துச்சு."

சரி.

"மிஷினு பின்னாடி. பின்னாடி கதவத் தொறந்து குந்திக்கினு நோண்டுனான். உங்க தாத்தா வண்டி சூடாயிடுச்சுன்னு ஒரு கொடம் தண்ணி எடுத்தாந்தாரு. வேணாம் வேணாம்னு கையாட்டிட்டான். தண்ணி ஊத்த எடமே இல்லையாம் அதுல. ஊரே சிரிச்சுது."

நான் அப்படியே திண்ணையில உட்கார்ந்துட்டேன்.

மெக்கானிக்கல் மக்களுக்கு இந்நேரம் பல்ப் எரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காக: ஃபோக்ஸ்வாகன் டைப் 2. டச்சுக்காரர் பென் பான் 1947-ல ஒரு நோட்டுல கிறுக்கின படத்துல இருந்து வந்த வண்டி. 1950-ல உற்பத்தி ஆரம்பம். முதல்ல வந்ததுக்கு 25 குதிரைத்திறன்தான், இன்னிக்கு 350 சிசி புல்லட்டே 20 தருது. அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியாங்கற ஜெர்மன் கம்பெனி உள்ள படுக்கையும் அலமாரியும் வெச்சு வீடா மாத்த ஆரம்பிச்சது. எஞ்சின் பின்னாடி, படுத்தவாக்குல நாலு சிலிண்டர். குளிர வைக்கிறது காத்து. ஒரு ஃபேன், சிலிண்டரைச் சுத்தித் துடுப்புகள், அவ்வளவுதான். ரேடியேட்டரே கிடையாது. பாலைவனத்துல கொதிக்கத் தண்ணி இல்லை, ஆப்கானிஸ்தான் குளிர்ல உறையவும் தண்ணி இல்லை. அதே ரோட்டுல வந்த பெட்ஃபோர்ட், காமர் வேனுங்களுக்கு எஞ்சின் முன்னாடி, தண்ணியும் வேணும்.

1974 வாக்குல எங்க ஊர்ப் பக்கம் இருந்த பஸ், லாரி எல்லாத்துக்கும் தண்ணி ஊத்தித்தான் பழக்கம். தண்ணி வேண்டாத வண்டியை எங்க பாட்டி கனவுல கண்டுபிடிச்சிருக்க முடியாது. அது என்ன டிவி சீரியல்லயா வரும்?

இந்த வண்டிங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கார்னேன்னு ஒரு சுங்கக் காகிதம். "வண்டியைத் திருப்பி வெளிய கொண்டுபோயிடுவேன்"ங்கற உத்தரவாதம். காபூல்ல விக்கிற மாதிரி இங்க சுளுவா வித்துட்டுப் போக முடியாது, வரி தாளிச்சிடும். அந்த மனுஷன் ரெண்டு ராத்திரி எங்க ஊர்ல எதுக்கு அப்படி எஞ்சினோட மல்லுக்கட்டினார்னு இப்ப புரியுது. வண்டியை விட்டுட்டு பஸ் ஏறிப் போற வசதி அவருக்குக் கிடையாது.

அவங்க திரும்பியும் அதே வழியிலதான் போயிருப்பாங்களான்னு தெரியாது. போயிருந்தா நேரத்தோட போயிருக்கணும். 1978 ஏப்ரல்ல காபூல்ல புரட்சி, 1979 பிப்ரவரியில ஈரான்ல ஆட்சி கவிழ்ந்தது, அந்த வருஷம் டிசம்பர்ல சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள வந்தது. ரோடு செத்துப்போச்சு. எனக்கு இதுல ஒரு பொறாமையும் கோபமும் உண்டு. 25 வயசுல ஓட்டை வேன்ல அவங்க கைபரைத் தாண்டினாங்க. என் பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டு வாகாவுக்குப் போனா, கேலரியில உட்கார்ந்து கொடி இறக்கறதைப் பார்த்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அப்பாகிட்ட எல்லாத்தையும் படம் போட்டுச் சொன்னேன். எஞ்சின் படத்தை மொபைல்ல ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. ராத்திரி சாப்பிடறப்போ அவரா பாட்டிகிட்ட, "அந்த வண்டி எங்கம்மா நின்னுது, கோயில் பக்கமா, ஆத்துப் பக்கமா?"ன்னு கேட்டார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

பாட்டி ஆத்துப் பக்கம் கையைக் காட்டினாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தக் கொழந்தைக்கு உங்க அத்த வயசுதான். ரெண்டையும் ஒரே பாயிலதான் போட்டோம். அதுக்குக் கல்யாணம் ஆயிருக்குமாடா?"ன்னு கேட்டாங்க.

அத்தை பொறந்தது 1973. போன வருஷம் பேரன் எடுத்தாச்சு.

"ஆயிருக்கும் பாட்டி"ன்னேன்.