ஏற்காடு: தோட்ட வேலையும் குடியிருப்பும்

ஏற்காடு, சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலையின் மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த மலை நகரம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கு வர வேண்டும். வருகிற பயணிகள் ஏரியையும் பகோடா முனையையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். வழியெங்கும் சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காப்பிச் செடிகள்தாம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இம்மலையில் யாருக்கு வேலை, யாருக்கு எங்கே வீடு என்பதைத் தீர்மானித்து வந்திருக்கின்றன.

மலையாளிகள்

இம்மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டதும் பலர் கேரளத்தை நினைப்பதுண்டு. இவர்கள் பேசுவது தமிழ்; மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர் இது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் கொல்லிமலை, பச்சைமலையிலும் தங்கினர் என்பது இவர்களின் வழிவழிக் கதை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மலையாளிகள் உள்ளனர். மாநிலத்தின் பழங்குடிகளில் இவர்களே எண்ணிக்கையில் அதிகம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதாகும்.

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களின் பழைய பயிர்கள். மூங்கில் தட்டியின் மேல் மண் பூசி, புல்லால் கூரை வேய்ந்த வீடுகளில் வாழ்ந்தனர். மூங்கிலும் புல்லும் மண்ணும் மலையிலேயே கிடைத்தன. ஊரார் கை கொடுத்தனர். வீடு கட்டக் காசு பெரிதாகத் தேவைப்படவில்லை. பின்னாளில் நிகழ்ந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

காப்பியும் லைன் வீடும்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கு காப்பியைக் கொண்டுவந்தவராகக் குறிப்பிடப்படுகிறார். (சர் தாமஸ் மன்றோ 1842இல் ஏற்காட்டைக் கண்டறிந்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மன்றோ 1827இலேயே இறந்துவிட்டார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.) 1860களில் சேலத்துக்கு ரயில் வந்தது. ஐரோப்பியத் தோட்ட உரிமையாளர்களின் பங்களாக்களும், பின்னர் 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளும் உருவாயின. அவற்றால் சமையல்காரர், தோட்டக்காரர், ஆயா முதலிய வேலைகளும் பிறந்தன. ஆயினும் பெரும்பாலோர்க்குச் சோறு போட்டது தோட்டம்தான்.

காப்பித் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் வேலை உண்டு. களை எடுக்க வேண்டும், கவாத்து செய்ய வேண்டும், மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம். ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் பறித்து அன்றைக்கே தோல் நீக்க வேண்டும். இதற்கு நிறையக் கைகள் வேண்டும், அதுவும் அருகிலேயே வேண்டும். ஆகவே உரிமையாளர்கள் தோட்டத்துக்குள்ளேயே லைன் வீடுகளைக் கட்டினர். ஒரே கூரையின் கீழ், பொதுச் சுவர் வைத்து, வரிசையாக ஒற்றை அறைகள். சமவெளியிலிருந்து வந்த குடும்பங்கள் இவற்றில் குடியேறின. மலையாளிகளோ பெரும்பாலும் தங்கள் ஊர்களில் இருந்தபடியே கூலிக்கு நடந்து சென்று வந்தனர்.

லைன் வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். கூலி பிடிக்காதவர் வேறு இடம் தேடிப் போவது எளிதாக இல்லாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

1951ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951, குடியிருப்பைத் தொழிலாளரின் உரிமையாக்கியது. தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தருவதும், அதைப் பழுது பார்ப்பதும் முதலாளியின் கடமை ஆயின. மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம் ஆகியவையும் சட்டத்தில் இடம்பெற்றன. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் இரண்டு இடைவெளிகள் இருந்தன. 1981 திருத்தத்துக்குப் பிறகும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களை இச்சட்டம் தானாகக் கட்டுப்படுத்தவில்லை. இந்தியக் காப்பித் தோட்டங்களிலோ மிகப் பெரும்பாலானவை சிறு தோட்டங்கள். மற்றொன்று இன்னும் முக்கியமானது. வீடு வேலை செய்யும் காலத்துக்கு மட்டுமே. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த அறை, ஓய்வு பெற்ற பின் தொழிலாளிக்குச் சொந்தமில்லை.

விலை வீழ்ச்சியும் விடுதிகளும்

1942 முதல் விவசாயிகளின் காப்பியைக் காப்பி வாரியமே திரட்டி விற்றது. 1990களில் அந்த முறை படிப்படியாக நீக்கப்பட்டது. முதலில் நல்ல விலை கிடைத்தது. வியட்நாமின் உற்பத்தி பெருகியதும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலை சரிந்தது. நிரந்தர ஆட்களை வைத்துக்கொள்வது சுமையாகத் தெரியத் தொடங்கியது. பறிப்புக் காலத்துக்கு மட்டும் ஆள் எடுத்தால் லைன் வீடும் தேவையில்லை அல்லவா? மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நடந்துவந்த பாக்சைட் வெட்டும் தொழிலும், அங்கு உலோக உற்பத்தி 2008இல் நின்ற பின் வேலை தரும் நிலையில் இல்லை.

இடத்தைப் பிடித்தவை தங்கும் விடுதிகளும் கட்டுமானமும். அறை சுத்தம் செய்தல், சமையல், காவல், கொத்து வேலை என்று இளைஞர்கள் மாறினர். கோடைக் காலத்திலும் வார இறுதியிலும்தான் இவ்வேலைகள் நிறைய இருக்கும். இவற்றோடு வீடு வருவதில்லை. பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடக்கூடிய அறையைக் கூலிக் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட உரிமையாளருக்கு என்ன அவசியம்?

இதனால் மலையில் இருவகைத் தட்டுப்பாடு உண்டானது. மலையாளிக்கு ஊரும் நிலமும் உண்டு, நிலையான வருமானம் இல்லை. லைன் குடும்பத்துக்கு வேலைப் பழக்கம் உண்டு, காலூன்ற ஒரு சென்ட் இடம் இல்லை. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டமும், 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் சொந்தமாக வீட்டுமனை உள்ளவருக்கே உதவி தரும் வகையில் அமைந்தன. லைன் நிற்கும் இடம் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கு வசிப்பவர் பெயரில் பட்டா இல்லை. மலையாளிக் குடும்பங்களிலோ பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் பங்கு பிரித்து மாற்ற வேண்டியிருக்கிறது. அது முடிந்தாலும், கனவு இல்லத்தின் 360 சதுர அடிக்கு அரசு தரும் மூன்றரை லட்சம் ரூபாயிலிருந்துதான் சிமெண்டையும் கம்பியையும் இருபது வளைவுகள் ஏற்றிக் கொண்டுவரும் லாரி வாடகையும் கொடுக்க வேண்டும்.